வாட்ச்சுக்குக் காட்டாத வேகம்

என் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு மனிதரைத்தான் மனதார வெறுத்தார். அந்த மனிதரின் பெயர்கூட அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. ஓசூரில் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் எல்லாரும் அவரை 'வாட்ச்சு' என்றுதான் சொல்வார்கள். கையில் ஓர் அட்டை, அதில் செருகிய தாள், கழுத்தில் ஸ்டாப் வாட்ச். லேத் மிஷினுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். இரும்புத் துண்டை மாட்டி, கடைந்து, கழற்றி வைக்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்வார். இதற்கு டைம் ஸ்டடி என்று பெயர். அந்த நொடிகளை ஆபீஸில் பெருக்கி வகுத்து, ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று ஒரு நார்ம் போடுவார்கள். அதன் பிறகு அந்த எண்ணிக்கை குறையவே கூடாது.

அப்பாவின் நார்ம் அறுபது பீஸ். நினைத்தால் எண்பது போடுவார். ஆனால் நினைக்க மாட்டார்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் அவர் அந்த நாடகத்தை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். முக்காலிதான் லேத். ஒரு கத்தரிக்காய்தான் பீஸ். அம்மா கையில் அலாரம் கடிகாரத்தைக் கொடுத்துப் பின்னால் நிற்கச் சொல்வார். அம்மாதான் வாட்ச்சு. அப்பா கத்தரிக்காயை மாட்டுவார். மாட்டியது சரியில்லை என்று கழற்றுவார். துணியால் துடைப்பார். அளப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்துவிட்டு மறுபடி அளப்பார். பின்னால் நிற்கும் அம்மாவைப் பார்த்து, "குட்மார்னிங் சார், தண்ணி குடிச்சீகளா?" என்று விசாரிப்பார். அம்மா சிரித்துச் சிரித்துக் கடிகாரத்தைக் கீழே போட்டுவிடுவாள். அதன் ஒரு கால் அப்படித்தான் உடைந்தது.

நாடகம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி அப்பா நீதி சொல்வார்: "கைவேகத்த வாட்ச்சுக்குக் காட்டக் கூடாதுத்தா. இன்னைக்குக் காட்டுற வேகம்தான் நாளைக்கு நார்ம்."

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த எதுவும் என் மனதில் இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை.

நாங்கள் தெற்கே கரிசல்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 'அம்புட்டு', 'இம்புட்டு' கடைசிவரை போகவில்லை. வீட்டுக்கார அம்மாள் தெலுங்கில் திட்டுவார், பால்காரர் கன்னடத்தில் சமாதானம் சொல்வார், கூடப் படித்த பிள்ளைகள் 'வரன்', 'போறன்' என்பார்கள். கம்பெனி இங்கிலீஷ் அப்பாவோடு வீட்டுக்கு வரும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிப் பேசுவேன். அதற்கு யாரும் மார்க் போடாததால் நிம்மதியாக இருந்தது.

மார்க் போட்ட விஷயங்களில்தான் வினை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தேர்வில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினேன். கார்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா அதைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். "மிச்சம் நாலு எங்கத்தா?" என்றார். அடுத்த தேர்வில் தொண்ணூற்றெட்டு. "ரெண்டு எங்க?" அதற்கடுத்த தேர்வில் தொண்ணூற்றொன்று. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மட்டும்தான் பேசியது. மறுநாளே சாயங்கால டியூசன் ஏற்பாடாகிவிட்டது.

நான் உட்கார்ந்து யோசித்தேன். தவறு எங்கே நடந்தது? முதலில் தொண்ணூற்றாறு வாங்கியதுதான் தவறு. அதை அப்பா குறித்துக்கொண்டுவிட்டார். எடுத்த எடுப்பில் எண்பது வாங்கியிருந்தால், எண்பத்திரண்டு வாங்கிய அன்று வீட்டில் கேசரி கிளறியிருப்பார்கள்.

அன்றிலிருந்து இறங்க ஆரம்பித்தேன். ஒரேயடியாக இறங்கினால் சந்தேகம் வருமென்று எண்பத்தொன்பது, எண்பத்தேழு என்று நிதானமாக வந்து எண்பத்தைந்தில் நின்றேன். டியூசன் போய்த்தான் மார்க் குறைகிறது என்று அப்பாவே முடிவு கட்டி அதை நிறுத்தினார். அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

எண்பத்தைந்து வாங்குவது சாதாரணக் காரியம் அல்ல. ஒரு கணக்கைத் தொடாமல் விட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். முக்கால்வாசி போட வேண்டும், ஓர் இடத்தில் கூட்டலைக் கழித்தலாக்க வேண்டும், பிறகு குழம்பிப்போனவள் மாதிரி நாலு வரி அடித்துத் திருத்த வேண்டும். அளவாகத் தப்புச் செய்வதற்குச் சரியான விடை முதலில் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கணக்கையும் ரஃப் தாளில் முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடைத்தாளில் கைவைப்பேன். கணக்கு டீச்சர் மூன்று வருடமும் என் கார்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். என்னைப்போல் கவனமாகத் தேர்வு எழுதியவள் அந்த வகுப்பில் இல்லை.

ஓட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் காலையில் தாமதமாக வந்தால் மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் நான் தாமதமாக வந்து, மூன்று சுற்றையும் முடித்துவிட்டு, நேரத்துக்கு வந்து நடந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு முன்னால் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அதைப் பி.டி. மாஸ்டர் பார்த்துவிட்டார். அவர் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, மைதானத்தில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். "ஏம்மா, உன்ன இத்தினி நாளு எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க?" என்றார். அவர் கழுத்திலும் ஷூ லேஸில் கட்டிய ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கியது. அதைப் பார்த்ததுமே நான் உஷாராகிவிட்டேன்.

உஷாராக இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு ஒரு வருடம் மேலே படித்த அக்கா ஒருவர் முதல் நாளே நானூறு மீட்டரில் உயிரைக் கொடுத்து ஓடிக் காட்டியிருந்தார். பாவம். அதன்பின் அவருக்குக் காலை ஆறு மணிக்கு மைதானம், சாயங்காலம் ஆறு வரை மைதானம். புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் சொக்கும். பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை பெயிலானார். அவர் வேகத்தை மாஸ்டர் நார்ம் ஆக்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

எனவே எண்ணூறு மீட்டருக்கு நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. பள்ளிக்குள் முதலிடம் வாங்க அது போதும். அதைப் பார்த்து மாஸ்டருக்குப் பெரிய ஆசை எதுவும் வராது. வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் பயிற்சி என்று விட்டுவிட்டார். நான் காலடிகளை எண்ணிக்கொண்டே ஓடுவேன். சில நாள் ஓடியபடியே மனதுக்குள் வகைக்கெழுக் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்துவிடுவேன். கடைசிச் சுற்றில் கொஞ்சம் முகத்தைச் சுளித்து, கையை வீசி, கோட்டைத் தாண்டியதும் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்பேன். அந்தக் குனிதல் அப்பா மூக்குக் கண்ணாடி துடைப்பதற்குச் சமம்.

ஆனால் என் நேர்த்தியே என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. ஆறு வாரம் தொடர்ந்து இரண்டு நாற்பத்தெட்டு. மாஸ்டர் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "தூ, இது பூட்ச்சும்மா. உனக்கு மட்டும் ஒரே டைம்ல நிக்குது" என்று அதைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் ரிப்பேருக்குக் கொடுத்தார். கடைக்காரர் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பித் தந்ததும் வேறு கடைக்குப் போனார். அதன்பின் நான் சில நாள் நாற்பத்தேழு, சில நாள் ஐம்பது என்று மாற்றிக் கொடுத்தேன். மாஸ்டருக்கு வாட்ச் மேல் நம்பிக்கை திரும்பி வந்தது.

ஆண்டு விழாவில் ஹெச்.எம். அம்மா என்னை மேடையில் நிறுத்தி, படிப்பையும் விளையாட்டையும் சமமாகக் கொண்டுபோகும் மாணவி என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

என்னைக் கண்டுபிடித்தது அம்மா ஒருத்திதான். பழைய பேப்பரோடு போடுவதற்காக என் அலமாரியை ஒழித்தபோது ரஃப் தாள்கள் கையில் கிடைத்தன. அம்மாவும் எட்டாவது வரை படித்தவள். விடைத்தாளில் அடித்துத் திருத்தின கணக்கு ரஃப் தாளில் சுத்தமாகப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது?" என்றாள்.

உண்மையைச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா தாள்களை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கும் காலைல பத்து மணிக்கெல்லாம் எல்லா வேலையும் முடிஞ்சிரும். ஒங்கப்பாகிட்ட ஒரு மணின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். இல்லாட்டி அவுக அக்கா வீட்டு வேலையும் எந் தலையில வந்து விழும்" என்றாள். பிறகு தாள்களை அடுப்பில் போட்டாள். அன்றிலிருந்து எனக்கு அம்மா மேல் தனி மரியாதை.

இதையெல்லாம் கேட்டு எனக்கு ஆசையே கிடையாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆசை இருந்தது, அதுவும் பேராசை. ஆயுத பூஜைக்குக் கம்பெனியைச் சுற்றிப் பார்க்கக் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து வாழைக்கன்று கட்டியிருக்கும். ஒரு வருடம் அங்கே ஓர் இளம்பெண் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்து வந்தார். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியராம். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அப்பா பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்தப் பெண் என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவர். எனக்கும் அந்த வரைபடம் வேண்டும் என்று அந்த நொடியே முடிவு செய்தேன். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று அப்பாவை விசாரிக்கச் சொன்னேன். சென்னையில் ஒரு பெரிய கல்லூரி. அதற்குள் நுழைவது குதிரைக் கொம்பு என்றார்கள்.

பிளஸ் டூ வந்தபோது பி.டி. மாஸ்டர் ஒரு விஷயம் சொன்னார். அந்த மாதிரிக் கல்லூரிகளில் விளையாட்டுக்காரர்களுக்கென்று சில இடங்கள் தனியாக உண்டு. மாநில அளவில் ஓடிய சான்றிதழ் இருந்தால், மார்க் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இடம் கிடைக்கும். மாநிலத்துக்குப் போக மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வர வேண்டும். "நீ இன்னும் ஒரு பத்து நொடி கொறைச்சா போதும்மா. ஆனா உன்னால முடியுமான்னு தெரியல" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

என் திட்டம் தயாராக இருந்தது. முழு வேகத்தை இரண்டே இடத்தில் காட்டுவேன். ஒன்று மாவட்டப் போட்டியின் இறுதிச் சுற்று. மற்றது பொதுத் தேர்வு. அதன்பின் யாராலும் எனக்கு நார்ம் போட முடியாது. நான் சென்னையில் இருப்பேன்.

போட்டி கிருஷ்ணகிரியில். விடிந்ததும் பஸ் ஏறி, சூளகிரி தாண்டும்வரை தூங்கி, மைதானத்தில் போய் இறங்கினோம். மலைக்கோட்டைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எங்களுக்கு வேதியியல் தேர்வு. மாஸ்டர் எங்கள் பள்ளிப் பையன்களோடு குண்டு எறிதல் பக்கம் போய்விட்டார். நான் மைதானத்து மூலையில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, கரிம வேதியியல் வினைகளை மனப்பாடம் செய்தேன். மைக்கில் யாரோ எதையோ அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த விளையாட்டுப் போட்டியில் மைக் சும்மா இருந்திருக்கிறது? நான் விரலை எடுக்கவில்லை.

பெண்கள் எண்ணூறு மீட்டருக்கு இரண்டு ஹீட்ஸ். ஒவ்வொன்றிலிருந்தும் முதல் மூன்று பேர் மதியம் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். முதல் ஹீட்ஸில் மத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பேய் பிடித்தவள்போல் ஓடினாள். இரண்டு முப்பத்தொன்பது. கோட்டைத் தாண்டியதும் வாந்தியே எடுத்துவிட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. மதியம் என்ன மிச்சம் இருக்கும் இவளிடம், இவளுக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இரண்டாவது ஹீட்ஸ். முதல் சுற்றில் நடுவில் கிடந்தேன். இரண்டாவது சுற்றில் கல்லாவிப் பெண் ஒருத்தியும் தர்மபுரிப் பெண் ஒருத்தியும் முட்டி மோதிக்கொண்டு முன்னால் போனார்கள். அவர்களைப் போகவிட்டு, நான்காவதாக வந்தவளைப் பத்தடி பின்னால் வைத்துக்கொண்டு மூன்றாவதாகச் சுகமாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாற்பத்தேழு. பழக்கதோஷத்தில் இடுப்பில் கைவைத்துக் குனிந்தும் நின்றேன். குனிந்தபடியே மத்தூர்க்காரியைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடியும் மரத்தடிக்குப் போய்க் காதை அடைத்துக்கொண்டேன்.

பரிசு கொடுக்க வரவேண்டிய சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. மூன்று மணிக்கு நான் எழுந்து கால்களை உதறிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. மேடைக்கு முன்னால் கூட்டம். மைக்கில் எண்ணூறு மீட்டர் பெண்கள் முடிவு வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதலிடம் மத்தூர். இரண்டாமிடம் கல்லாவி.

ஓடிப்போய் மேஜையில் இருந்தவரிடம், "சார், ஃபைனல் இன்னும் ஓடலையே" என்றேன்.

"காலைல ரெண்டு தடவ மைக்ல சொன்னமேம்மா. மழ வந்தாலும் நேரம் பத்தலன்னாலும் ஃபைனல் கெடையாது, ஹீட்ஸ் டைம வச்சு எடம் போடுவோம்னு. அல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாந்தி எடுத்த மத்தூர்க்காரிக்குத் தெரிந்திருந்தது. முட்டி மோதிய இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பட்டியலில் என் பெயர் ஐந்தாவதாக இருந்தது.

பி.டி. மாஸ்டர் எனக்குச் சமாதானம் சொல்ல வந்தார். "பரவால்ல வுடும்மா, உன்னால முடிஞ்சத நீ ஓட்ன" என்றார். அப்படியே என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, ஹீட்ஸ் முடிஞ்சு நான் அந்தாண்டயிருந்து பாத்தனே. மத்த பொண்ணுங்க எல்லாம் தரைல வுழுந்து கெடந்தாங்க. நீ அஞ்சே நிமிசத்துல பொஸ்தகத்த எடுத்துக்கினு குந்திட்ட. உனக்கு மூச்சே வாங்கலியே?"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இரண்டு நாற்பத்தெட்டிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாட்ச்சை ரிப்பேருக்குக் கொண்டுபோனதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டேன். மாஸ்டர் தெலுங்கில் ஏதோ நீளமாகச் சொன்னார். நல்ல வார்த்தைகளாக இருந்திருக்காது. பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"போ. போய்க் கோட்ல நில்லு."

"எதுக்கு சார்? எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"நில்லுன்றன் இல்ல?"

தூறல் தொடங்கிவிட்டது. மேடையில் பந்தல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து எது எந்தத் தடம் என்றே தெரியவில்லை. மாஸ்டர் கையை உயர்த்தி இறக்கினார். நான் ஓடினேன்.

காலடியை எண்ணவில்லை. முதல் சுற்று முடிவதற்குள் நெஞ்சு எரிந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் கால்கள் என்னுடையவை என்றே தோன்றவில்லை. நிறுத்திவிடலாம் என்று இருந்தது. என் உடம்பில் இதெல்லாம் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் எதையோ பத்திரமாகச் சேர்த்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; அதை ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டிச் சேற்றில் விழுந்தேன். இந்த முறை குனிந்து நிற்க முடியவில்லை.

மாஸ்டர் வாட்ச்சை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டு முப்பத்தாறு.

"இத எங்கம்மா எழுதறது?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அது மழைத்தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். "என்னத்தா, செயிச்சியா?" என்றார். ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. ஹீட்ஸில் அடக்கி ஓடியதைச் சொன்னதும் முதலில் அவருக்குப் பெருமைகூட வந்தது. "பாருடி ஒம் மகள, எப்படி வேல காட்டியிருக்கான்னு" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். ஃபைனல் நடக்காததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எண்பத்தைந்தைப் பற்றியும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏந்தாயி, நான் சொன்னது கம்பெனிக்குல்ல? அவென் நம்ம வேகத்தப் புடுங்கித் தின்னுருவான். ஒன் வேகத்த யாரு திங்கப் போறா? ஏன் இப்படிப் பண்ணுன?"

என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரிந்த ஒன்று. அன்று அது அதன் உச்சத்தில் இருந்தது. "வீட்ல வாட்ச்சப் புடிச்சுக்கிட்டு எம் பின்னால நின்னது யாருப்பா?" என்றேன். "தொண்ணூத்தாறு வாங்கிட்டு ஓடியாந்தேனே, அன்னைக்கு யாரு நின்னா?"

அப்பா கையை ஓங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சொன்னது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதன்பின் அப்பா மார்க் கேட்பதையே விட்டுவிட்டார். நாடகமும் நின்றுபோனது. நான் அரையாண்டுத் தேர்வில் எதையும் அடித்துத் திருத்தாமல் எழுதினேன். கணக்கில் தொண்ணூற்றேழு வந்தது. யாரைப் பார்த்து எழுதினாய் என்று டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தினார். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கக் கரும்பலகையில் நாலு கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் 'கவனக்குறைவு' என்று எழுத வேண்டிய இடத்தை அந்த முறை காலியாக விட்டார். அப்பா அந்தக் கார்டில், மார்க் இருக்கும் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாலு எங்கே, ரெண்டு எங்கே என்று கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

பொதுத் தேர்வையும் நுழைவுத் தேர்வையும் உயிரைக் கொடுத்து எழுதினேன். ஒரு வினாவைக்கூட விளையாட்டுக்கு விடவில்லை. சில கணக்குகள் உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாதது போல் நடித்து நடித்து, நிஜமாகவே தெரியாத கணக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜூலையில் தபால் வந்தது. சென்னைக் கல்லூரியில் எனக்கு இடம் இல்லை. ஒன்றரை மார்க்கில் போயிற்று. விளையாட்டுக்காரர்களுக்கான இடத்தில் கடைசியாகச் சேர்ந்தவரின் மார்க் என்னுடையதைவிடக் குறைவு என்று மாஸ்டர் எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டுப் போனார். பிறகு வேறு ஊரில் வேறு கல்லூரி கிடைத்தது, நானும் இன்ஜினியர் ஆனேன் என்பதெல்லாம் அன்று மதியம் எனக்குத் தெரியாது.

அப்பா செகண்ட் ஷிப்டுக்கு யூனிபார்ம் போட்டுத் தயாராக நின்றார். கடிதத்தை வாங்கிப் படித்தார். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என் படிப்பைப் பற்றி வாயைத் திறந்தார்.

"இது முழுசாத்தா?"

"முழுசுதாம்ப்பா."

"ஒண்ணும் ஒளிச்சு வெக்கலயே?"

"இல்லப்பா. இம்புட்டுதான் நான்."

ஓட்டத்தில் அடக்கி ஓடித் தோற்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நினைத்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்தது. இப்போது சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அப்பா முன்னால் நின்று, எட்டு வயதுப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன்.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யூனிபார்மோடு தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் போய்விட்டது.